மைக்கேல் மையர்ஸுக்குத் தங்கை எதற்கு?

ஒரு கொலைகாரன் ஆட்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் திகில் படங்களை ஸ்லாஷர் என்பார்கள். அப்படிப்பட்ட படங்களின் பிந்தைய பாகங்கள், கொலைகாரன் ஏன் இப்படி ஆனான் என்று விளக்கி விளக்கியே அவனைக் கெடுத்துவிட்டனவா என்பது கேள்வி.

பெரும்பாலும் ஆமாம். ஆனால் விளக்கினாலே கெட்டுவிடும் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' வரிசையில் கனவுக்குள் வந்து கொல்லும் ஃப்ரெடி க்ரூகர் யார், எப்படிச் செத்தான் என்பது முதல் படத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் அவன்மீதுள்ள பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. 'கேண்டிமேன்' படத்தில் வரும் கொலைகார ஆவியின் பூர்வகதையை எடுத்துவிட்டால் அந்தப் படமே நிற்காது. எனவே எவ்வளவு விளக்கினார்கள் என்று அளந்து பயனில்லை. அந்த விளக்கம் யார் வாயிலிருந்து வருகிறது, அது வந்தபின் நமக்குள்ள பயம் விரிகிறதா சுருங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். (இனி வரும் பத்திகளில் எல்லாப் படங்களின் முடிவுகளும் வெளிப்படையாகப் பேசப்படும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

இந்த விவாதத்துக்கு மிகச் சரியான உதாரணம் 'ஹாலோவீன்' வரிசைதான். ஜான் கார்ப்பென்டர் இயக்கி, அவரும் டெப்ரா ஹில்லும் எழுதிய முதல் படம் 1978-இல் வந்தது. சுமார் மூன்று லட்சம் டாலரில் எடுத்த சின்னப் படம். அதன் முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நிறையச் சொல்கிறது. இல்லினாய் மாநிலத்தின் ஹாடன்ஃபீல்டு என்ற கற்பனை ஊர், 1963 ஹாலோவீன் இரவு. ஒருவன் வீட்டைச் சுற்றி வருகிறான், சமையலறைக் கத்தியை எடுக்கிறான், மாடியேறி ஒரு பெண்ணைக் குத்துகிறான். எல்லாவற்றையும் அவன் கண்வழியாகவே பார்க்கிறோம். வாசலுக்கு வந்ததும் பெற்றோர் முகமூடியைக் கழற்றுகிறார்கள். கோமாளி உடையில் ஆறு வயதுப் பையன். இறந்தது அவன் அக்கா ஜூடித். அவன் பெயர், வயது, குடும்பம், முதல் கொலை எல்லாம் படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே நம் கையில் இருக்கின்றன. காரணம் ஒன்றுதான் இல்லை.

அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர் டாக்டர் லூமிஸ். டொனால்ட் பிளெசன்ஸ் நடித்த அந்த மனநல மருத்துவர் படம் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார். எட்டு வருடம் அந்தப் பையனை எட்டிப் பிடிக்க முயன்றேன், அடுத்த ஏழு வருடம் அவன் வெளியே வந்துவிடாமல் இருக்கப் போராடினேன், அவன் கண்களுக்குப் பின்னால் இருந்தது வெறும் தீமை என்று ஷெரிஃபிடம் சொல்கிறார். அதை வைத்து மைக்கேலை அமானுஷ்யப் பிறவி என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் காட்சி வேறாகத் தெரிகிறது. பதினைந்து வருடம் ஒரு நோயாளியோடு இருந்த மருத்துவர், தன் படிப்பில் இருந்த எல்லாச் சொற்களும் தீர்ந்துபோய், கடைசியில் பாதிரியார் பேசும் சொல்லைப் பேசுகிறார். அறிந்தவன் என்று யாரை நம்பினோமோ அவனே கைவிரிப்பதைப் பார்க்கும்போதுதான் நமக்கு உதறல் எடுக்கிறது.

கதாநாயகியான பள்ளி மாணவி லாரி ஸ்ட்ரோடு அவன் கண்ணில் படுவது எப்படி என்றும் கவனியுங்கள். ரியல் எஸ்டேட் தொழில் பார்க்கும் அவள் அப்பா, பூட்டிக் கிடக்கும் மையர்ஸ் வீட்டில் சாவியை வைத்துவிட்டு வரச் சொல்கிறார். பள்ளிக்குப் போகும் வழியில் வைத்துவிட்டுப் போகிறாள். கதவுக்கு அந்தப்பக்கம் அவன் நிற்கிறான். அவ்வளவுதான். வேறு பெண் யாராவது வந்திருந்தால் அன்றிரவு வேறு வீடு. படத்தின் பயம் முழுவதும் இந்தத் தற்செயலில்தான் இருக்கிறது. கடைசியில் ஆறு குண்டு வாங்கி மாடியிலிருந்து விழுந்தவன் புல்தரையில் இல்லை. பிறகு காலி அறைகள், மாடிப்படி, தெரு, வீடுகள் என்று ஒவ்வொன்றாக வர, முகமூடிக்குள்ளிருந்து வரும் அந்த மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. எங்கே வேண்டுமானாலும் இருப்பான், யாரிடம் வேண்டுமானாலும் வருவான் என்பதைக் கார்ப்பென்டர் ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்லிவிட்டார்.

மூன்றே வருடத்தில் அது போயிற்று. 1981-இல் வந்த இரண்டாம் பாகத்தின் இயக்குநர் ரிக் ரோசென்தால். எழுதியது அதே கார்ப்பென்டரும் ஹில்லும்தான். லூமிஸ் காரில் போகும்போது ஒரு நர்ஸ் சொல்கிறார்: மூடி முத்திரையிட்ட ஒரு கோப்பு இருக்கிறது, லாரி அவனுடைய தங்கை, பெற்றோர் இறந்தபின் ஸ்ட்ரோடு குடும்பம் தத்தெடுத்தது. அந்தச் சமயத்தில் முதல் படத்தைத் தொலைக்காட்சியில் போடக் கூடுதல் காட்சிகள் தேவைப்பட்டன. அவற்றையும் எடுத்து, மைக்கேலின் அறைக் கதவில் 'தங்கை' என்று கீறியிருப்பதாகக் காட்டி, இந்த உறவை முதல் படத்துக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இரண்டாம் பாகத்துக்குச் சொல்ல ஒன்றுமே இல்லாமல் பீர் குடித்துக்கொண்டே எழுதினேன், அந்தத் தங்கை யோசனை வந்திருக்கவே கூடாது என்று கார்ப்பென்டர் பின்னாளில் பேட்டிகளில் வெளிப்படையாகவே வருந்தியிருக்கிறார்.

இதனால் என்ன குடிமுழுகிப்போயிற்று என்று கேட்கலாம். அவன் முகமூடி அப்படியேதான் இருக்கிறது, பேசுவதும் இல்லை. ஆனால் படம் பார்க்கும் உங்களுக்கும் அவனுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. முதல் படத்தில் உங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே நிற்கத் தகுந்தவன் அவன். இரண்டாவதில் அவனுக்கு ஒரு விலாசம் இருக்கிறது, அது உங்களுடையதில்லை. நீங்கள் மையர்ஸ் குடும்பத்தில் பிறக்கவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். நடுவில் சாகிறவர்கள் எல்லாம் வழியில் அகப்பட்டவர்கள். அவன் மனம் திறந்துவிட்டதைக் காட்டிலும், அவன் இலக்கு குறுகிவிட்டதே பெரிய நஷ்டம் என்று நினைக்கிறேன். காரணம் சொல்வது வேறு, 'யாருக்கு' என்று சொல்வது வேறு. பின்னதுதான் பயத்தைக் கொல்கிறது.

ஒரு முடிச்சுப் போட்டால் அடுத்ததும் போடத்தான் வேண்டும். மைக்கேலே இல்லாத மூன்றாம் பாகம் (1982) ரசிகர்களிடம் எடுபடவில்லை. 1988-இல் நான்காம் பாகத்தில் அவனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். லாரியாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸ் அதில் இல்லை. கொல்ல இரத்த உறவு வேண்டுமே, அதனால் லாரியின் மகள், ஏழு வயது ஜேமி. நியாயமாகச் சொன்னால் அந்தப் படத்தின் கடைசிக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். மாமனைப் போலவே கோமாளி உடையில் அந்தக் குழந்தை, கையில் கத்தரிக்கோலுடன் மாடிப்படியில் நிற்கிறாள், அதைப் பார்த்த லூமிஸ் அலறுகிறார். விளக்கம் ஏதும் இல்லை. ஆனால் ஐந்தாம் பாகம் (1989) அந்தத் துணிச்சலிலிருந்து பின்வாங்கிவிட்டது. அதற்குப் பதிலாக, கறுப்புக் கோட்டு போட்ட மர்ம ஆள் ஒருவனையும், மைக்கேலின் மணிக்கட்டில் ஒரு குறியையும் கொண்டுவந்து, அவை என்னவென்று சொல்லாமலேயே முடித்தது.

அந்தக் கடனை ஆறாம் பாகம் (1995) அடைக்க வேண்டியதாயிற்று. முள் என்ற பெயருள்ள பழைய எழுத்துக்குறி ஒன்று. அந்தச் சாபம் ஏற்றப்பட்ட பிள்ளை தன் குடும்பத்தையே பலியிட வேண்டும். நட்சத்திரங்கள் அந்தக் குறியின் வடிவில் கூடும் இரவுகளில்தான் மைக்கேல் வருகிறான். பின்னாலிருந்து நடத்துவது ஒரு ரகசியக் குழு. அதன் தலைவர், மைக்கேல் அடைபட்டிருந்த மருத்துவமனையின் டாக்டர் வின். இத்தனையையும் முதல் படத்தில் லாரி பார்த்துக்கொண்ட சிறுவனும் இப்போது வளர்ந்துவிட்டவனுமான டாமி டாய்ல் (நடித்தவர் பால் ரட்) கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்துவதுபோல் சொல்கிறான். படம் வெளிவருமுன்பே பிளெசன்ஸ் இறந்துவிட்டார். கடைசிப் பகுதியை மறுபடி எடுத்து, சாபத்தைப் பாதியில் கைவிட்டு, ஏதோ மரபணு ஆராய்ச்சி என்பதுபோல் முடித்தார்கள். ஆக ஒரே படத்துக்கு இரண்டு வடிவங்கள், இரண்டு விளக்கங்கள். லூமிஸ் பதினைந்து வருடம் பார்த்துப் பயந்த அந்த வெறுமை, கடைசியில் யாரோ சிலர் ஏவிவிட்ட வேலைக்காரன் ஆகிவிட்டது. முதல் படத்தின் மைக்கேலை யாரும் ஏவவில்லை.

எழுதியவர்களைத் திட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் இந்த நோய் சீக்வெல் என்ற அமைப்பிலேயே இருக்கிறது. ஒரே படத்தில் கொலைகாரன் குண்டு வாங்கியும் எழுந்தால் அது மர்மம். ஐந்து படத்தில் எழுந்தால் அது கணக்குக் கேட்கும். கண்ணில் சுட்டாயிற்று, எரித்தாயிற்று, சுரங்கத்தில் தள்ளியாயிற்று, பிறகும் எப்படி என்று ஒவ்வொரு பாகமும் புதிதாகப் பதில் தேட வேண்டும். அதோடு முகமூடியும் இசையும் மாறக் கூடாது என்பது வியாபாரக் கட்டாயம். மாற்றக்கூடியதாக மிஞ்சுவது பூர்வகதை மட்டும்தான். அதனால் ஒவ்வொரு புதுத் திரைக்கதையும் பின்னோக்கியே தோண்டுகிறது. 'ஸ்க்ரீம்' (1996) இந்த வகைப் படங்களைக் கரைத்துக் குடித்தவர்கள் எடுத்தது. அதில் கொலைகாரனே, காரணம் இல்லாவிட்டால்தான் இன்னும் பயம் என்று வாய்விட்டுச் சொல்கிறான். அந்த வரிசைகூட மூன்றாம் பாகத்தில் (2000), எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே தூண்டிவிட்டவன் கதாநாயகியின் அம்மாவுக்கு முன்பே பிறந்திருந்த அண்ணன் என்று அதே குழியில்தான் விழுந்தது.

2007-இல் ராப் ஸோம்பி எடுத்த ரீமேக்கைப் பற்றித்தான் ரசிகர்களிடையே பெரிய சண்டை. குடித்துவிட்டுத் திட்டும் வளர்ப்பு அப்பா, ஆடைகளைந்து ஆடி வயிறு வளர்க்கும் அம்மா, பள்ளியில் கேலி, பிராணிகளைக் கொல்வது, மருத்துவமனையில் காகிதக்கூழ் முகமூடிகள் செய்துகொண்டு பேச்சை நிறுத்திக்கொள்வது என்று கிட்டத்தட்டப் பாதிப் படம் சிறுவன் மைக்கேலின் வாழ்க்கை. அது மோசமாக எடுக்கப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தனிப் படமாக வந்திருந்தால், சிதைந்த வீட்டில் வளரும் ஒரு பிள்ளையைப் பற்றிய கடுமையான படம் என்று மதித்திருப்பேன். சிக்கல் பிற்பாதியில் வருகிறது. கார்ப்பென்டரின் படத்துச் சம்பவங்களையே மறுபடி நிகழ்த்தும்போது, முகமூடிக்குப் பின்னால் யார், அவனுக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் துல்லியமாகத் தெரியும். லாரி முன் மண்டியிட்டு, அவள் குழந்தையாக இருந்தபோது எடுத்த புகைப்படத்தை நீட்டி, முகமூடியைக் கழற்றுகிறான். அங்கே பரிதாபம் வருகிறது, உண்மையான பரிதாபம். ஆனால் அடுத்த நிமிடமே அவனைப் பார்த்துப் பயப்படு என்று படம் நம்மைக் கேட்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் நடக்கவில்லை.

இதற்கு நேர் எதிர்முனையில் ஃப்ரெடி. 1984-இல் வெஸ் கிரேவன் எடுத்த 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' படத்தில், கதாநாயகி நான்சியின் அம்மா அவளை வீட்டின் அடித்தளத்துக்குக் கூட்டிப்போய்ச் சொல்கிறாள்: குழந்தைகளைக் கொன்றவன் க்ரூகர், தேடுதல் உத்தரவில் கையெழுத்து சரியான இடத்தில் இல்லை என்று விடுவித்துவிட்டார்கள், நாங்களே கூடிப்போய் அவனை எரித்தோம். சொல்லிக்கொண்டே கொதிகலனுக்குள்ளிருந்து அவன் கத்திக் கையுறையை வெளியே எடுக்கிறாள். அது முழு விளக்கம்தான். பிறகும் ஏன் பயம் விரிகிறது? சொல்பவள் குடிகாரி, குற்றவாளி, தாய். அவள் சொல்வதில் ஃப்ரெடியைவிட அந்தத் தெருவின் பெற்றோரைப் பற்றித்தான் அதிகம் தெரிகிறது. அவனுக்கும் ஒரு குறிப்பிட்ட இலக்கு இருக்கிறது, உண்மை. ஆனால் அந்த இலக்கு ஒரு முழுத் தலைமுறை. பெற்றோர் மூடி மறைத்ததற்குப் பிள்ளைகள் தூக்கத்தில் விலை கொடுக்கிறார்கள் என்பதைக் கேட்டு, எனக்கு இதில் சம்பந்தமில்லை என்று எந்தப் பிள்ளையும் தப்பித்துக்கொள்ள முடியாது. தவிர, உயிரோடு இருந்த க்ரூகர் யார் என்றுதான் அவள் சொல்கிறாள். செத்தவன் கனவுக்குள் எப்படி வந்தான் என்று அவளுக்கும் தெரியாது, படமும் சொல்லவில்லை.

மூன்றாம் பாகத்தில் (1987), மனநோய்க் குற்றவாளிகளோடு தவறுதலாக உள்ளே அடைபட்ட ஒரு கன்னியாஸ்திரீக்குப் பிறந்தவன் என்ற கதை வருகிறது. அதையும் ஒரு கன்னியாஸ்திரீதான் சொல்கிறாள், அவளே ஆவி என்பது பின்னால்தான் தெரிகிறது. அதுவரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஊர்வாய்க்கதையின் வாசனை அதில் இருக்கிறது. 1991-இல் வந்த 'ஃப்ரெடிஸ் டெட்' அந்த எல்லையைத் தாண்டியது. வகுப்பில் வளர்ப்புப் பிராணியைச் சுத்தியலால் அடித்துக் கொல்லும் சிறுவன், அவனைப் பெல்ட்டால் விளாசும் வளர்ப்பு அப்பா (நடித்தவர் ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர்), மகள் பார்க்க மனைவியைக் கழுத்தை நெரிப்பது, எரியும்போது கனவுப் பிசாசுகள் வந்து வரம் கொடுப்பது என்று எல்லாம் திரையில் நடந்தேறுகின்றன. யாரோ சொன்னது, யாரோ நடுங்கிக்கொண்டே நினைவுகூர்ந்தது என்ற நிலை மாறி, கேமராவே சாட்சிக்கூண்டில் ஏறிவிட்டது. கேமரா சொன்னால் மறுபேச்சில்லை. சந்தேகத்துக்கு இடமே கொடுக்காத இப்படிப்பட்ட ஃபிளாஷ்பேக்தான் இந்த வில்லன்களுக்கு உண்மையான எமன் என்று நான் நினைக்கிறேன்.

'கேண்டிமேன்' இதைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம், ஏனென்றால் ஒரே கதை இரண்டு விதமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கிளைவ் பார்க்கர் லிவர்பூலில் வைத்து எழுதிய மூலச் சிறுகதையில் இந்தப் பூர்வகதையே கிடையாது. 1992-இல் பெர்னார்ட் ரோஸ் அதைச் சிகாகோவின் கேப்ரினி-கிரீன் குடியிருப்புக்குக் கொண்டுவந்தபோது சேர்த்தார். அடிமையாக இருந்தவரின் மகன், படித்த ஓவியன், வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலித்தான் என்பதற்காகக் கையை அறுத்து, தேனைத் தடவி, தேனீக்களை ஏவிக் கொன்றார்கள். இதை ஒரு பேராசிரியர் இரவு விருந்து மேசையில், தன் புலமையைக் காட்டிக்கொள்வதற்காகச் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் கதாநாயகி ஹெலனின் முகம்தான் காட்சி. அந்தச் சாவு அந்த நகரத்தின் இனவெறியோடு சேர்ந்து நம்மேல் இறங்குகிறது, அவன்மேல் இரக்கமும் பயமும் ஒன்றாகவே வளர்கின்றன. 1995-இல் வந்த இரண்டாம் பாகம் அவனுக்கு டேனியல் ராபிடெய்ல் என்று பெயர் வைத்து, நியூ ஆர்லியன்ஸில் அதே சாவை நடிகர்களை வைத்து நிகழ்த்திக் காட்டியது. நாமே கற்பனை செய்தபோது இருந்த கொடூரத்தில் பாதிகூடத் திரையில் வரவில்லை.

ஜேசனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 'ஃப்ரைடே தி 13த்' முதல் படத்தில் (1980) கொலைகாரி அவன் அம்மா, ஹாக்கி முகமூடியே மூன்றாம் பாகத்தில்தான் வந்தது. கெடுக்கும்படியான மர்மம் அங்கே முதலிலிருந்தே கிடையாது. இருந்தும் 1993-இல், அவன் உயிர் ஒவ்வொரு உடம்பாகக் கூடுவிட்டுக் கூடு பாயும், இரத்த உறவுள்ளவர் மாயக் கத்தியால் குத்தினால்தான் சாவான் என்று புதிதாக ஒரு சட்டம் எழுதினார்கள். அதை அடுத்தடுத்த படங்கள் கண்டுகொள்ளவே இல்லை.

மனதை மிகவும் வலிக்கவைப்பது 'பிளாக் கிறிஸ்மஸ்'தான். பாப் கிளார்க் 1974-இல் எடுத்த கனடியப் படம், 'ஹாலோவீன்' வருவதற்கும் நான்கு வருடம் முன்பு. மாணவிகள் தங்கியிருக்கும் வீட்டுக்குத் தொலைபேசி வருகிறது. ஒரே ஆள் பல குரல்களில் பேசுகிறான், பில்லி, ஆக்னஸ் என்று பெயர்கள் தெறிக்கின்றன. ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு குழந்தைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்பது மட்டும் புரிகிறது. அவன் முகத்தைக் கடைசிவரை காட்டவில்லை, கதவிடுக்கில் ஒரு கண் தெரிகிறது. படம் முடியும்போதும் அவன் அதே வீட்டுப் பரணில்தான் இருக்கிறான், கீழே தொலைபேசி அடித்துக்கொண்டிருக்கிறது. 2006 ரீமேக் அந்தச் சிதறல்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கோத்து, ஈரல் நோயால் மஞ்சள் தோலோடு பிறந்த பில்லி, அவனைப் பரணில் அடைத்த தாய், அந்தத் தாய்க்கும் அவனுக்கும் பிறந்த ஆக்னஸ் என்று முழு வரலாறும் காட்டியது. அருவருப்பு வருகிறது. அந்தக் குரல்கள் தந்த நடுக்கம் வரவில்லை.

'சைக்கோ' (1960) படத்தின் கடைசியில் மனநல மருத்துவர் நீளமாக விளக்கும் காட்சியைச் சிலர் எதிர்வாதமாகக் காட்டுவார்கள். ஆனால் ஹிட்ச்காக் அதோடு முடிக்கவில்லை. அந்த அழகான விளக்கம் முடிந்தபின் நம்மைக் கொலைகாரன் நார்மனின் அறைக்குள் தனியாக விடுகிறார். போர்வைக்குள் உட்கார்ந்தபடி அவன் நம்மை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கும்போது, டாக்டர் சொன்ன எந்தச் சொல்லும் அந்தச் சிரிப்புக்கு ஈடாகவில்லை. 'டெக்சஸ் செயின் சா மாசகர்' (1974) படத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு. அடுத்தடுத்து ஆட்கள் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்க, கொலைகாரன் லெதர்ஃபேஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பதறிப்போய்த் தலையைப் பிடித்துக்கொள்கிறான். வந்தவர்களைக் கண்டு அவன் பயந்திருக்கிறான்! அவன் பிறப்பிலிருந்து தொடங்கும் 2006-ஆம் ஆண்டு முன்கதைப் படம் முழுவதும் சேர்ந்தும் அந்தச் சில நொடிகள் அளவுக்கு அவனை எனக்குத் தெரியப்படுத்தவில்லை.

கடைசியாக 2018-இல் டேவிட் கார்டன் கிரீன் எடுத்த 'ஹாலோவீன்'. 1978 படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அது அழித்துவிட்டது. லாரியின் பேத்தியிடம் ஒரு நண்பன், அவன் உன் பாட்டியின் அண்ணன்தானே என்று கேட்க, இல்லை, மனசைத் தேற்றிக்கொள்ள யாரோ கட்டிவிட்ட கதை அது என்கிறாள். தங்கைக் கதை எதற்காகப் பிறந்தது என்பதற்கு இதைவிடக் கச்சிதமான விமர்சனம் நான் படித்ததில்லை. அந்தப் படத்தில் மைக்கேலைப் புரிந்துகொள்ளத் துடிப்பவர்களுக்கெல்லாம் ஒரே கதிதான். முகமூடியை நீட்டி அவனைப் பேசவைக்கப் பார்க்கும் இரண்டு பாட்காஸ்ட்காரர்கள் சாகிறார்கள். கொல்லும்போது எப்படி இருக்கும் என்று அறிய அந்த முகமூடியைத் தானே மாட்டிப் பார்க்கும் அவனுடைய மருத்துவர் டாக்டர் சார்ட்டெய்ன், ஏதாவது சொல் என்று அவனிடம் கெஞ்சியபடியே நசுங்கிப்போகிறார். அவன் லாரி வீட்டை நெருங்கியதுகூட அந்த டாக்டர் போலீஸ் வண்டியில் அவனை ஏற்றிக்கொண்டு போனதால்தான்.

அடுத்த பாகமான 'ஹாலோவீன் கில்ஸ்' (2021) படத்தில் மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கொல்லக் கொல்ல அவன் மனிதனைத் தாண்டிப் போகிறான் என்று லாரியே ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து விளக்குகிறாள். எனவே இந்த வரிசையை இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் 1978, பிறகு 2018, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆர்வம் அடங்காமல் அந்த முள் சாபத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றினால், நான்கும் ஐந்தும் பார்த்துவிட்டு ஆறாம் பாகத்தின் தயாரிப்பாளர் வடிவத்தை, அதாவது கடைசிப் பகுதியை மாற்றுமுன் இருந்ததை, தேடிப் பிடியுங்கள். 2014-இல் முறைப்படி வெளியிட்டார்கள். அது எடுத்துக்கொண்ட விளக்கம் தவறானது என்பது என் கட்சி, ஆனால் அதையாவது முழுதாகச் சொல்கிறது.